நூறு பேர் உள்ள போனா நூறு பேர் வெளிய வரணும்: மலைல அல்ட்ரா ரேஸ் நடத்துறது எப்படி

எங்க ரன்னிங் குரூப்ல ரெண்டு பசங்க "அண்ணா நாமளும் ஒரு ட்ரெயில் ரேஸ் போடலாம்ணா"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க, அவங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பி அனுப்பி தொண்டை போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். ட்ரெயில்னா ரோடு இல்லாம மலை, காட்டுப் பாதைல ஓடுறது, மாரத்தானோட 42 கிலோமீட்டரைத் தாண்டினா அது அல்ட்ரா. நான் சொல்றது நம்ம பக்கத்து மலைக்கு, ஜவ்வாது, ஏற்காடு, கொல்லிமலை மாதிரி கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு. 50 கிலோமீட்டர், மொத்தமா 1800 மீட்டர் ஏத்தம், 100 பேர்னு வச்சுக்கோங்க. இதுக்கு மேல பெருசா பண்ணணும்னா முதல்ல இதை ரெண்டு தடவ பண்ணிட்டு அப்புறம் யோசிங்க.

ரோட்ல மாரத்தான் நடத்தினவங்க எல்லாம் நினைக்கிறது, அதே வேலைதான், மேடு பள்ளம் மட்டும் எக்ஸ்ட்ரான்னு. அப்படி இல்லங்க. ரோட்ல ஒருத்தர் மயங்கி விழுந்தா பின்னாடி வர்றவர் பாப்பார், டீக்கடைக்காரர் பாப்பார், ஆட்டோ நிக்கும். மலைல ஒருத்தர் ஒத்தையடிப் பாதைல வலதுக்கு பதிலா இடது திரும்பிட்டா அவர் காணாம போனதே நமக்கு நாலு மணி நேரம் கழிச்சுதான் தெரியும். அதனால டீ ஷர்ட், மெடல், டிரோன் வீடியோ இதெல்லாம் அப்புறம். இந்த நிமிஷம் ஒவ்வொருத்தரும் எந்த ரெண்டு செக் பாயின்ட்டுக்கு (வழில நம்ம ஆள் நின்னு நம்பர் குறிக்கிற இடம்) நடுவுல இருக்காங்கன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும், ரேஸ் டைரக்டர் வேலைன்னா அதுதான். கீழ நான் சொல்ற ரூல் முக்காவாசி அந்தக் கணக்குல இருந்து வந்ததுதான்.

தேதில இருந்து ஆரம்பிப்போம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, வேணாம். பிப்ரவரி நடுவுல இருந்து புல்லு காஞ்சு போயி தீ சீசன். 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணில காட்டுத்தீல மாட்டி, ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம் தீ சீசன்ல வனத்துறை யாரையும் காட்டுக்குள்ள விடுறதில்ல, விடச் சொல்லி கேக்குறதும் தப்பு. மிச்சம் இருக்குறது ஜனவரி. அதுலயும் பொங்கல் வாரம் ஊர்க்காரங்க யாரும் உங்களுக்கு வேலை செய்ய வர மாட்டாங்க, பஸ்ல சீட்டும் இருக்காது. குடியரசு தினத்தை ஒட்டி வர்ற லீவுல மலைல ரூம் வாடகை எகிறிடும், போலீஸும் பிசி. நடுவுல ஒரு வாரக்கடைசி மாட்டும், அதைப் பிடிங்க. அந்த ஊர்க் கோயில் திருவிழா எப்பன்னு ஊர்ப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பிடிங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நடத்துறவங்களுக்கு இன்னொண்ணு, 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், அதை ரன்னர்ஸுக்கு மெயில்ல ஒரு தடவைக்கு மூணு தடவை சொல்லுங்க, இல்லன்னா ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு செக் போஸ்ட்ல இருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.

பர்மிஷன். ரூட் போட்ட உடனே செய்ய வேண்டியது, அந்தக் கோடு எந்த எந்த நிலத்து மேல போகுதுன்னு துண்டு துண்டா பிரிச்சு எழுதுறது. பஞ்சாயத்து ரோடு எவ்ளோ, பட்டா நிலம் எவ்ளோ, காப்புக்காடு எவ்ளோ. காப்புக்காட்டுல அரை கிலோமீட்டர் போனாலும் மாவட்ட வன அலுவலர் ஆபீஸ் பர்மிஷன் வேணும், சரணாலயம்னா அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல தலைமை வன உயிரினக் காப்பாளர் வரைக்கும் போற விஷயம், முதல் ரேஸுக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. லெட்டரோட மேப், எத்தனை பேர், எத்தனை மணிக்கு எந்த இடம், குப்பையை யார் எடுப்பாங்க எல்லாம் எழுதிக் குடுங்க. நாலு மாசம் முன்னாடியே குடுங்க, ஆபீசர் டிரான்ஸ்பர் ஆனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். காவல் நிலையம், பஞ்சாயத்துத் தலைவர், ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூட மைதானம்னா ஹெச்எம், இவங்களுக்கும் தனித்தனியா லெட்டர். பட்டா நிலத்துக்காரர்கிட்ட மட்டும் லெட்டர் குடுக்காம நேர்ல போங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. எங்க ஊர்ல ஒரு பெரியவர் "தம்பி, ஓடுறதுக்கு எதுக்கு காசு குடுத்து வர்றாங்க, என் ஆட்டை மேய்க்கச் சொன்னா நான் சும்மாவே ஓட விடுவேனே"ன்னார். அவரேதான் அப்புறம் வேலியைப் பிரிச்சு வழி விட்டார்.

ரூட்டைப் பத்தி. கூகுள் மேப்ல கோடு போட்டு ரேஸ் நடத்துற ஆளுங்க இருக்காங்க, அவங்க ரேஸுக்குப் போகாதீங்க. ஒரு தடவை பகல்ல, ஒரு தடவை ரேஸ் டைம்லயே இருட்டுல, ஒரு தடவை உங்க குரூப்லயே மெதுவா போற ஆளைக் கூட்டிட்டுன்னு குறைஞ்சது மூணு தடவை நடங்க. மூணாவதுதான் முக்கியம், கட்-ஆஃப் டைம், அதாவது இதுக்குள்ள வரலன்னா ரேஸ்ல இருந்து நிறுத்திடுற நேரம், அவர்கிட்ட இருந்துதான் வரணும். ரூட் வடிவம் என்னைக் கேட்டா மூவிலை மாதிரி போடுங்க, நடுவுல பள்ளிக்கூட மைதானம், அதுல இருந்து மூணு வளையம், ஒவ்வொரு வளையமும் முடிச்சுட்டு மைதானத்துக்கே வர்றாங்க. அங்க இருந்து இங்க போற ஒரே நீளக் கோடு போட்டோல அழகா இருக்கும், ஆனா அதுக்கு வண்டி, ஆள், சாமான் எல்லாம் ரெண்டு மடங்கு. மூவிலைல ஆள் கணக்கு தானா மூணு தடவை சரி பாக்கப்படுது, பையை ஒரே இடத்துல வச்சிடலாம், டாக்டரும் ஒரே இடத்துல உக்காரலாம். சுவாரஸ்யம் கம்மின்னு சிலர் சொல்வாங்க, சொல்லட்டும்.

கட்-ஆஃப் கணக்கு இப்படி. ட்ரெயில்ல 100 மீட்டர் ஏத்தத்தை ஒரு கிலோமீட்டரா எடுத்துக்குற வழக்கம் உண்டு. அப்போ 50 கிலோமீட்டரும் 1800 மீட்டர் ஏத்தமும் சேர்ந்தா 68. கடைசி ஆள் மணிக்கு ஆறு சொச்சம் போவார்னு வச்சா 11 மணி நேரம். காலைல 5 மணிக்கு விட்டா சாயங்காலம் 4 மணி. ஜனவரில ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், அப்போ யாராவது காணோம்னா தேடுறதுக்கு ரெண்டு மணி நேர வெளிச்சம் கைல இருக்கு. அந்த ரெண்டு மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் ரன்னர்ஸுக்கு தானம் பண்ணிடாதீங்க. "இன்னும் ஒரு மணி நேரம் சேத்துக் குடுத்தா நிறைய பேர் முடிப்பாங்கண்ணா"ன்னு கேப்பாங்க, முடிப்பாங்கதான், முடிக்காதவரை டார்ச் வச்சு தேடப் போறது நீங்கதான். நடுவுல வர்ற கட்-ஆஃபை நேர்பாதியா போடக் கூடாது, எல்லாரும் ரெண்டாவது பாதில மெதுவாதான் போவாங்க, அதனால பாதி தூரத்தை அஞ்சு மணி நேரத்துல வரலன்னா நிறுத்திடுங்க. அந்த டைம் உள்ள வர்றதுக்கா, சாப்ட்டு முடிச்சு கிளம்புறதுக்கான்னு ரூல் புக்ல தெளிவா எழுதணும். பிரான்ஸ்ல ஷாமொனில இருந்து கிளம்புற யூடிஎம்பிங்கிற பெரிய மலை ரேஸ் 170 கிலோமீட்டருக்கு மேல, 46 மணி நேரம் சொச்சம் கட்-ஆஃப், அங்க கிளம்புற டைம்தான் கணக்கு. இது எழுதாம விட்டா செக் பாயின்ட்ல நிக்குற காலேஜ் பையன் வாயாலயே சண்டை போடணும், பாவம் அவன்.

இப்ப நான் சொன்ன அந்த ஆள் கணக்கு, இதை நிறுத்தி நிதானமா படிங்க.

பதிவு பண்ணவங்க 100, பிப் (நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை) வாங்கினவங்க 94, ஓட ஆரம்பிச்சவங்க 91. இந்த மூணும் வேற வேற நம்பர், நிறைய பேர் ரெண்டாவதையே எடுத்துட்டு நாள் பூரா அந்த மூணு பேரைத் தேடிட்டு இருப்பாங்க. பிப் வாங்கிட்டு ரூம்ல தூங்கிடுற ஆளுங்க எல்லா ரேஸ்லயும் உண்டு. அதனால ஸ்டார்ட்டுக்கு முன்னாடி கயிறு கட்டி ஒரு பட்டி மாதிரி பண்ணி, ஒரே வாசல் வழியா உள்ள விட்டு, ரெண்டு பேர் தனித்தனியா நம்பரை டிக் பண்ணணும், ரெண்டும் ஒத்துப் போனாதான் விசில். அஞ்சு நிமிஷம் லேட் ஆனா ஆகட்டும். லேட்டா வந்து பின்னாடியே ஓடிப் போற ஆளுக்கு ரேஸ் இல்ல, இரக்கமே காட்டாதீங்க.

ஒவ்வொரு செக் பாயின்ட்லயும் ரெண்டு பேப்பர். ஒண்ணுல வந்த வரிசைல நம்பரும் டைமும். இன்னொண்ணுல 1ல இருந்து 100 வரைக்கும் கட்டம் போட்டு பிரின்ட் எடுத்தது, வர வர அடிச்சுட்டே வரணும். முதல் பேப்பர்ல யார் வந்தாங்கன்னு தெரியும், ரெண்டாவதுல யார் வரலன்னு பாத்த உடனே தெரியும், உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. அரை மணிக்கு ஒரு தடவை கன்ட்ரோலுக்கு, அதாவது மைதானத்துல மொத்தக் கணக்கும் வச்சிருக்குற இடத்துக்கு, மூணு நம்பர் சொல்லணும்: உள்ள வந்தது, வெளிய போனது, நிறுத்திக்கிட்டது. கன்ட்ரோல்ல ஒரு வெள்ளை போர்டு, ஒரு ஆள், அந்த ஆள் வேற எந்த வேலையும் பாக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, பரிசு குடுக்கக் கூடாது. ரன்னர் மேல இருக்குற சிப்பை தரைல விரிச்ச மேட் படிச்சு நேரம் குறிக்கிற சிப் டைமிங் வச்சிருக்கேனேன்னு சொல்லாதீங்க, அந்த மேட்ல பேட்டரி போயிடுச்சுன்னா சிப்புக்கு நாலணா மதிப்பு இல்ல. அமெரிக்கால டென்னசி காட்டுல 1986ல இருந்து பார்க்லி மாரத்தான்ஸ்னு ஒரு கிறுக்கு ரேஸ் நடக்குது, அங்க ரூட் பூரா புத்தகத்தை ஒளிச்சு வச்சிருப்பாங்க, ஓடுறவர் தன் பிப் நம்பர் உள்ள பக்கத்தைக் கிழிச்சுட்டு வந்து குடுக்கணும், அதுதான் அத்தாட்சி. 2024ல ஜாஸ்மின் பாரிஸ் அதை முடிச்ச முதல் பொண்ணு, 60 மணி நேர கட்-ஆஃப்ல 99 செகண்ட் மிச்சம் வச்சு. அந்த ரேஸே காகிதத்துல ஓடுது, நம்ம ரேஸ் ஓடாதா?

நிறுத்திக்கிற ஆளு, அதாவது டிஎன்எஃப், இவங்கதான் உங்க தலைவலி. எங்க முதல் வருஷம் ஒருத்தரைக் காணோம். 38வது கிலோமீட்டர் செக் பாயின்ட்ல இருந்து கிளம்பினது கணக்குல இருக்கு, அடுத்ததுக்கு வரல. போன் ஸ்விட்ச் ஆஃப். ஊர்ப் பசங்க இருவது பேர், வனக் காவலர் ரெண்டு பேர், ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் தேடினோம், எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது. ஒன்பதே கால்க்கு அவர் வீட்டம்மா நம்பர்ல கூப்பிட்டா எடுத்தது அவரே. முழங்கால் வலிச்சுதாம், வழில ஒரு பைக் வந்துச்சாம், கீழ இறங்கி பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயி குளிச்சு சாப்ட்டுட்டு இருக்கார். திட்டக் கூட தெம்பு இல்ல எனக்கு. அதுக்கப்புறம் போட்ட ரூல்: நிறுத்துறதா இருந்தா செக் பாயின்ட்ல மட்டும்தான் நிறுத்தணும், பிப்பைக் கழட்டிக் குடுத்துட்டு கையெழுத்து போட்டுட்டு நம்ம வண்டிலதான் வரணும். அப்படிச் செய்யாம போனா அடுத்த வருஷம் பதிவு கிடையாது, தேடுன செலவும் அவர் தலைல. காலைல மைக்ல இதை ரெண்டு தடவை சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஸ்வீப்பர்னா கடைசி ஆளுக்குப் பின்னாடியே வர்ற ரெண்டு பேர். பொறுமைசாலிங்களா பாத்துப் போடுங்க, வேகமா ஓடுற ஆள் இதுக்கு ஆக மாட்டார். அவங்க ஒரு செக் பாயின்ட்ல இருந்து கிளம்பணும்னா அங்க கணக்கு நேராகணும், முந்தின இடத்துல இருந்து கிளம்புனவங்க எல்லாரும் இங்க வந்தாச்சுன்னு டிக் விழுந்தாதான் நகரணும். வழில ரிப்பனையும் அவங்களே கழட்டிட்டு வந்துடலாம்.

ரிப்பன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கோல மாவுல அம்பு போட்டா அழகா இருக்குன்னு ஒரு வருஷம் போட்டோம், விடியறதுக்குள்ள எறும்பு பாதி, பனி பாதி. சுண்ணாம்பு பவுடர் பரவால்ல. துணி ரிப்பன்தான் நல்லது, பிளாஸ்டிக் வேணவே வேணாம், ஆடு தின்னா நம்ம பேர்தான் கெடும், துணியையே தின்னுது அது வேற விஷயம். ஆடு எட்டாத உயரத்துல, தலைக்கு மேல கட்டுங்க. இருட்டுல ஓடுற முதல் பத்து கிலோமீட்டருக்கு ஒளி பிரதிபலிக்கிற டேப் துண்டு ஒட்டணும். திருப்பத்துக்கு முன்னாடி ஒண்ணு, திருப்பத்துல மூணு, திரும்பினதுக்கு அப்புறம் சரியான வழிதான்னு உறுதி சொல்ல ஒண்ணு. தப்பான பாதைக்கு குறுக்க சுண்ணாம்புல கோடு. முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல கட்டுங்க, ரேஸ் அன்னைக்கு முதல் ரன்னருக்கு அரை மணி முன்னாடி ஒருத்தர் ஓடியோ பைக்லயோ பாத்துட்டு வரணும். குழந்தைங்க கழட்டி ஜடைல கட்டிக்கிட்டு நிக்கும், திட்டாதீங்க, முந்தின நாளே ஸ்கூல்ல போயி ஆளுக்கு ஒரு முழம் குடுத்துடுங்க, கட்டுனதுல கை வைக்காது.

கட்டாயம் கொண்டு வர வேண்டிய சாமான் லிஸ்ட்ல பேரம் பேச விடாதீங்க. சீனால கன்சு மாகாணத்துல 2021 மே 22ஆம் தேதி 100 கிலோமீட்டர் ரேஸ், 172 பேர், மத்தியானம் திடீர்னு ஆலங்கட்டி, உறைய வைக்கிற மழை, காத்து, 21 பேர் குளிர்லயே செத்துப் போனாங்க. லியாங் ஜிங்னு அந்த நாட்டுலயே பெரிய அல்ட்ரா ரன்னர், அவரும் அதுல ஒருத்தர். காத்து தாங்குற ஜாக்கெட் கட்டாய லிஸ்ட்ல இல்ல, எடுத்துட்டு வந்தா நல்லதுன்னு மட்டும் இருந்துச்சு, மோசமான அந்த ஏத்தத்துல வண்டியும் போக முடியாது. ஆறு பேரைக் காப்பாத்துனது ஜூ கமிங்னு ஒரு ஆடு மேய்ப்பவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள்ள இழுத்துட்டுப் போயி நெருப்பு மூட்டினார். நம்ம ஊர்ல ஐஸ் கொட்டாதுதான், ஆனா வேர்த்த உடம்போட ஏற்காட்டு ஜனவரி மழைல ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. நான் போடுற லிஸ்ட்: மழை ஜாக்கெட், ஹெட் லைட், மெல்லிசா மடிக்கிற அந்த வெள்ளிப் போர்வை, விசில், சார்ஜ் உள்ள போன், ஒரு லிட்டர் தண்ணி கொள்ளுற பாட்டில், சொந்த டம்ளர், ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட், கிரேப் பேண்டேஜ். பிப் குடுக்குறப்பவே பையைத் திறந்து காட்டணும், நடுவுல ஒரு செக் பாயின்ட்ல சொல்லாம கொள்ளாம மறுபடி செக்.

சாப்பாட்டு ஸ்டால் ஏழு எட்டு கிலோமீட்டருக்கு ஒண்ணு. பேப்பர் கப் கிடையாது, அவங்க டம்ளர்லதான் ஊத்தணும், தமிழ்நாட்டுல 2019 ஜனவரில இருந்து ஒரு தடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தடையே இருக்கு. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர்னா 100 பேருக்கு 150 லிட்டர், 20 லிட்டர் கேன் எட்டு, ஆனா தலைல ஊத்திப்பாங்க, கை கழுவுவாங்க, பன்னண்டு கேனா இறக்குங்க, பதினோரு மணிக்கு மேல வர்ற ஸ்டால்னா பதினஞ்சு. ஓடுறப்ப தெம்புக்கு சாப்பிடுற வெளிநாட்டு ஜெல் பாக்கெட் எல்லாம் ஸ்டால்ல அடுக்க வேணாம், வேணும்ங்கிறவர் கொண்டு வருவார். உப்புல புரட்டுன அவிச்ச உருளைக்கிழங்கு, மலை வாழைப்பழம், கடலை மிட்டாய், தர்பூசணி, நீர் மோர், முப்பது கிலோமீட்டருக்கு மேல புளி சாதமும் சூடா ரசமும். நம்ப மாட்டீங்க, 40வது கிலோமீட்டர்ல ஒரு டம்ளர் ரசம் குடிச்சுட்டு எழுந்து ஓடுன ஆளுங்களை எண்ணிக்கிட்டே போகலாம். சமையலுக்கு அந்த ஊர் மகளிர் குழுவையே கேளுங்க, முன்பணம் குடுங்க, மிச்சத்தை அன்னைக்கு சாயங்காலமே குடுத்துடுங்க. ரேஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் இழுத்தடிச்ச ஆளுங்களால ஒரு மலையே வேற யாருக்கும் கதவைச் சாத்துன கதை எனக்குத் தெரியும்.

டாக்டர் ஒருத்தர் வேணும், ஆம்புலன்ஸ் ஒண்ணு மைதானத்துலயே நிக்கணும், 108 வரும்தான், ஆனா மலை ஏறி வர்றதுக்கு ஆகுற நேரத்தை நம்பி ரேஸ் வைக்க முடியாது. பாம்புக்கடி விஷமுறிவு மருந்து பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில ஸ்டாக் இருக்குன்னு முந்தின நாள் நேர்ல கேட்டு எழுதி வைங்க, ஜவ்வாது மலைல ஜமுனாமரத்தூர் பக்கம்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையை விட்டு கீழ இறங்கியாகணும், அந்த ரோட்டுக் கொண்டை ஊசி வளைவெல்லாம் கணக்குல சேருங்க. வாலன்டியருக்கு சொல்லிக் குடுக்க வேண்டியது ஒண்ணு: குழப்பமா பேசுற, வாந்தி எடுக்குற, கை விரல் வீங்கின ஆளுக்கு "இன்னும் தண்ணி குடிங்க"ன்னு ஊத்தக் கூடாது. அளவுக்கு மீறி தண்ணி குடிச்சு ரத்தத்துல உப்பு கரைஞ்சு போயும் இப்படி ஆகும், அதுல இன்னும் தண்ணி குடுத்தா உயிருக்கே ஆபத்து, உக்கார வச்சு டாக்டரைக் கூப்பிடணும். புரூஃபென் மாதிரி வலி மாத்திரையை ஸ்டால்ல வைக்கவே கூடாது, ஓடுறப்ப அது கிட்னியைப் பதம் பாத்துடும். அப்புறம் மலைத் தேனீ. பாறை இடுக்குல கூடு இருக்கான்னு ஊர்க்காரங்களைக் கேட்டு, இருந்தா ரூட்டையே மாத்துங்க, டிரோனை அந்தப் பக்கம் பறக்க விடாதீங்க, கீழ புகை போடாதீங்க. விடியக்காலைல காட்டெருமை நிக்குற மலைன்னா ஸ்டார்ட்டை வெளிச்சம் வந்ததுக்கு அப்புறம் தள்ளி வைங்க, கட்-ஆஃபும் அதுக்கேத்த மாதிரி குறையணும்.

தகவல் தொடர்பு. ரூட் நடக்கும்போதே மூணு கம்பெனி சிம்மையும் கொண்டு போயி எங்க எது எடுக்குதுன்னு மேப்ல குறிச்சுட்டு வாங்க. எதுவுமே எடுக்காத செக் பாயின்ட்டுக்கு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறது) வச்சிருக்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, லைசன்ஸ் வச்சிருக்குற ஆளுங்க, இந்த மாதிரி வேலைன்னா ஆர்வமா வருவாங்க. அதுவும் இல்லன்னா பைக்ல ஒரு பையன், அரை மணிக்கு ஒரு தடவை சிக்னல் எடுக்குற மேட்டுக்கு வந்து நம்பரைச் சொல்லிட்டுப் போகணும். பழைய முறைதான், இது வரைக்கும் கை விட்டதில்ல.

ஓடுறவங்களுக்கான ரூல் நீளமா எழுதாதீங்க, யாரும் படிக்கிறதில்ல. பிப் எப்பவும் முன்னாடி தெரியணும். குறுக்கு வழி போனா ரூட்டை விட்டு விலகின இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி ஓடணும், இல்லன்னா டிஸ்குவாலிஃபை. குப்பை போட்டா நேரா வெளிய. ஸ்டால் இருக்குற இடத்தைத் தவிர வேற எங்கயும் சொந்தக்காரங்க வந்து சாப்பாடு குடுக்கக் கூடாது. அடி பட்ட ஆளைப் பாத்தா நின்னே ஆகணும், நின்ன நேரத்தை அவருக்குத் திருப்பிக் குடுத்துடுவோம்னும் எழுதுங்க, அப்பதான் முன்னாடி ஓடுற ஆளும் நிப்பார். வழில சாமை, ராகி காயப் போட்டிருந்தா சுத்திதான் போகணும், மேல கால் வைக்கக் கூடாது. பணம் திருப்பித் தர்ற விஷயம், புயல் மழைன்னா ரேஸ் நிறுத்துவோம்ங்கிற விஷயம், இது ரெண்டையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி கண்ணுல படுற மாதிரி போடணும். நிறுத்துற முடிவு ஒரே ஆள் கைல இருக்கணும், அந்த ஆள் ஸ்பான்சர்கிட்ட பேசுற ஆளா இருக்கக் கூடாது.

கடைசி ரன்னர் வந்து மெடல் போட்டு போட்டோ எடுத்ததும் எல்லாரும் டென்ட்டைப் பிரிக்க ஆரம்பிப்பாங்க. நீங்க போர்டுக்குப் போங்க. ஸ்டார்ட் 91, முடிச்சது 73, நிறுத்திக்கிட்டு வண்டில வந்தது 18, பதினெட்டு பிப்பும் கைல இருக்கான்னு எண்ணுங்க. அப்புறம் ஸ்வீப்பர் ரெண்டு பேர், ஒவ்வொரு செக் பாயின்ட் வாலன்டியர், பைக் பையன், எல்லாரும் மைதானத்துக்கு வந்தாச்சான்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. ரெண்டாவது வருஷம் ரன்னர்ஸ் எல்லாம் சரியா வந்தாங்க, ஆனா ஒரு வாலன்டியரை 22வது கிலோமீட்டர்லயே விட்டுட்டு வந்துட்டோம், மிச்சம் இருந்த புளி சாதத்தோட அவன் பாட்டுக்கு உக்காந்திருந்தான்.